பேரலல் போர்ட் பிசி போயிருச்சு: 6090 சிஎன்சி ரவுட்டரை ஈதர்நெட்டுக்கு மாத்த எந்த கார்டு?

கணபதி_பேட்டர்ன் கேட்டது:

வணக்கமுங்க. ஃபவுண்ட்ரிக்கு மரப் பேட்டர்னும் சின்ன அலுமினிய மேட்ச் பிளேட்டும் ஓட்டுற 6090 (600×900 மிமீ) சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி செதுக்கற மெஷின். மூணு அச்சுக்கும் 1605 பால் ஸ்க்ரூ, நீமா 23 மோட்டார், டிஎம்542 டிரைவர், ஒரு சுத்துக்கு 1600 பல்ஸ். 1.5 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில், விஎஃப்டி (ஸ்பிண்டில் வேகத்தை மாத்தற டிரைவ்). சிவப்பு 5 ஆக்சிஸ் பிரேக்அவுட் போர்டு (பிசி சிக்னலை டிரைவர்களுக்குப் பிரிச்சுக் குடுக்கற பலகை). எக்ஸ்பி பிசியில மாக்3 (மெஷினை ஓட்டுற விண்டோஸ் சாஃப்ட்வேர்) ஓடிட்டு இருந்துச்சு, இப்ப மதர்போர்டு போயிருச்சு. புது பிசியில பேரலல் போர்ட்டே இல்ல.

பிரேக்அவுட் போர்டை வெச்சுக்கலாமுங்களா, அதையும் சேர்த்து மாத்தணுமா? யூஎஸ்பி டூ பேரலல் கேபிள் போட்டா ஓடும்னு கடையில சொல்றாங்க. யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒண்ணும் விலை கம்மியா இருக்குது. எது சரின்னு சொல்லுங்க.

பீளமேடு_ஃபிட்டர்:

அந்த கேபிளை வாங்காதீங்க. அது பிரிண்டருக்கு டேட்டா அனுப்ப மட்டும்தான். மாக்3 பேரலல் போர்ட்டோட பின்களை நேரடியா, மைக்ரோசெகண்ட் கணக்குல ஏத்தி இறக்கும். அந்த வேலை யூஎஸ்பி கேபிள் வழியா நடக்கவே நடக்காது. மாக்3-யோட பேரலல் டிரைவரும் 32 பிட் விண்டோஸ்ல மட்டும்தான் ஏறும், 64 பிட்ல ஏறாது. அதனால புது பிசியில பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு போட்டாலும் மாக்3 ஓட்டுறதுக்கு வழியில்ல.

யூஎஸ்பி கன்ட்ரோலர் ஓடும், ஆனா உங்ககிட்ட விஎஃப்டி இருக்குது. யூஎஸ்பியில பிசி கிரவுண்டும் மெஷின் கிரவுண்டும் ஒண்ணாயிரும். ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகுற நேரத்துல நாய்ஸ் உள்ள புகுந்து கார்டு டிஸ்கனெக்ட் ஆச்சுன்னா ஜாப் பாதியில நிக்கும். ஈதர்நெட் போர்ட்ல ரெண்டு பக்கமும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கறதால கிரவுண்டு சேராது. மாறுறதுக்கு முதல் காரணம் இதுதானுங்க, வேகமெல்லாம் அதுக்கப்புறம்.

வேகக் கணக்கையும் சொல்லிடறேன். 1600 பல்ஸ், 5 மிமீ பிட்ச், அதாவது மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ். மாக்3-யில 25 கிலோஹெர்ட்ஸ் கெர்னல்ல (நொடிக்கு 25,000 பல்ஸ்) நிமிஷத்துக்கு 4687 மிமீதான் உச்சம். கார்டே பல்ஸ் உண்டாக்கினா இந்த வரம்பு போயிரும். அப்புறம் மோட்டார் எவ்வளவு தாங்குதோ அதுதான் எல்லை.

பிரேக்அவுட் போர்டு நல்லா இருந்தா அப்படியே வெச்சுக்கலாமுங்க. ரெண்டு வழி இருக்குது.

மாக்3 ஸ்க்ரீன்தான் ஆப்பரேட்டருக்குப் பழக்கம்னா ஈதர்நெட் ஸ்மூத்ஸ்டெப்பர், இல்லைன்னா யூசி400 ஈடிஎச். ரெண்டுமே ஈதர்நெட்ல மாட்டி பல்ஸ் உண்டாக்கற கார்டுங்க. ஸ்மூத்ஸ்டெப்பர்ல மூணு 26 பின் ஹெடர் இருக்கும். அதுல இருந்து 25 பின் டி கனெக்டருக்கு ரிப்பன் கேபிள் வேணும். மாக்3 இன்ஸ்டால் பண்றப்ப பேரலல் போர்ட் டிரைவருக்கான டிக்கை எடுத்துடுங்க. கார்டோட ஐபி 10.9.9.9. பிசிக்கு 10.9.9.100 மாதிரி அதே வரிசையில ஒண்ணு குடுத்தா போதும்.

லினக்ஸ்சிஎன்சிக்கு (லினக்ஸ்ல ஓடற சிஎன்சி சாஃப்ட்வேர்) மாறத் தயார்னா மீசா கம்பெனியோட 7ஐ92 கார்டு. என்கிட்ட கேட்டா இதைத்தான் எடுக்கச் சொல்லுவேன். புது வயரிங்கே போடறதா இருந்தா பிரேக்அவுட் போர்டைத் தூக்கிட்டு 7ஐ96எஸ் போடுங்க. அதுல 5 ஸ்டெப் சேனல், 11 ஐசொலேட்டட் இன்புட், ஸ்பிண்டில் அனலாக் எல்லாம் ஒரே பலகையில வந்துருது.

ஈரோடு_லினக்ஸ்:

7ஐ92 எடுக்கறதா இருந்தா வரிசையா இதைப் பாருங்க அண்ணா.

அதுல ஆண் கனெக்டர், பெண் கனெக்டர், வெறும் ஹெடர்னு வகை இருக்குது. பிசியில இருந்த பழைய கேபிளையே போடணும்னா பெண் கனெக்டர் வகையைக் கேட்டு வாங்குங்க. இப்ப வர்றது 7ஐ92டி. அதோட ஃபர்ம்வேர் ஃபைல் டாட் பின்ல முடியும், பழசுக்கு டாட் பிட். மாத்திப் போட்டுடாதீங்க.

கார்டுக்குத் தனியா 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் வெச்சு, அதே 5 வோல்ட்டை பிரேக்அவுட் போர்டோட பிசி பக்கத்துக்கும் குடுங்க. பேனல்ல 24 வோல்ட் வயரும் பக்கத்துலயே ஓடும். அதனால ஸ்க்ரூ டெர்மினல்ல மாட்டறதுக்கு முன்ன மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க.

முக்கியமான ஒண்ணு: சாதா பேரலல் போர்ட்ல 18வது பின்ல இருந்து 25 வரைக்கும் எல்லாம் கிரவுண்டு. மீசாவுல 22ல இருந்து 25 வரைக்கும் 5 வோல்ட் அனுப்பற மாதிரி ஜம்பர் (கார்டு மேல மாத்திச் சொருகற சின்ன கிளிப்) வசதி இருக்குது. அது மீசாவோட சொந்த போர்டுகளுக்காக வெச்சது. சிவப்பு போர்டுல அந்த நாலு பின்னும் கிரவுண்டு, அதனால ஜம்பர் தப்பா இருந்தா கேபிளைச் சொருகினதுமே 5 வோல்ட் ஷார்ட். கேபிளைச் சொருகாம கார்டுக்கு மட்டும் பவர் குடுத்து, 22க்கும் 18க்கும் நடுவுல வோல்ட் பாருங்க. சுழியம் வந்தாத்தான் சொருகணும்.

இன்னொண்ணு, பவர் வந்து லினக்ஸ்சிஎன்சி கார்டைப் பிடிக்கற வரைக்கும் அவுட்புட் பின் எல்லாம் புல்-அப்ல ஹைலயே நிக்கும். ரிலே ஹைல ஆன் ஆகுற போர்டா இருந்தா மெயின் ஸ்விட்ச் போட்டதுமே ஸ்பிண்டில் சுத்த ஆரம்பிச்சிரும். விஎஃப்டியோட ரன் வயரை ஒரு மாஸ்டர் ரிலே கான்டாக்ட் வழியா எடுத்து, எமர்ஜென்சி ஸ்விட்ச் அந்த ரிலேயை வெட்டற மாதிரி போடுங்க. எமர்ஜென்சியை வெறும் இன்புட் பின்னா மட்டும் குடுத்து சாஃப்ட்வேரை நம்பக்கூடாது.

பிசியில டெபியன் 12 மேல வர்ற லினக்ஸ்சிஎன்சி 2.9 ஐஎஸ்ஓ போடுங்க. ரியல்டைம் கெர்னலும் மீசாஃப்ளாஷும் (கார்டுல ஃபர்ம்வேர் ஏத்தற புரோகிராம்) அதுலயே இருக்குது. கார்டு ஜம்பரை 10.10.10.10க்கு வெச்சு, பிசியோட வயர்டு போர்ட்டுக்கு மேனுவலா 10.10.10.1, மாஸ்க் 255.255.255.0 குடுங்க. கேட்வே எதுவும் போட வேண்டாம். நடுவுல நெட் ரவுட்டரோ நெட்வொர்க் ஸ்விட்ச்சோ கூடாது, ஒரே கேபிள் நேரா போகணும். நெட் வேணும்னா தனியா வைஃபை டாங்கிள்.

மீசாஃப்ளாஷ்ல 5 ஆக்சிஸ் போர்டுக்கான ஃபர்ம்வேரை ஏத்திட்டு, பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. செட்டிங்குக்கு ஸ்டெப்கான்ஃப் வேண்டாம், அது பேரலல் போர்ட்டுக்கானது. பிஎன்சிகான்ஃப்ல போங்க. உங்க போர்டுல எந்த பின் எந்த அச்சுக்குன்னு பலகை மேலயே அச்சடிச்சிருக்கும். அதோட ஒத்துப் பார்த்துக்குங்க, ஏன்னா எல்லா சிவப்பு போர்டும் ஒரே மாதிரி இல்ல.

கணபதி_பேட்டர்ன்:

ரொம்ப நன்றிங்க. 7ஐ92 போட்டாச்சு, மூணு அச்சும் ஓடுது. ரெண்டு சிக்கல். ஒண்ணு, சில நேரம் "எரர் ஃபினிஷிங் ரீட்"னு வந்து நின்னுருது, அதுவும் ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகுறப்பத்தான் ஜாஸ்தி. ரெண்டாவது, எழுத்து செதுக்கி முடிக்கறப்ப இசட் (மேல கீழ போற அச்சு) 0.4 மிமீ கீழ போயிருக்குது. எக்ஸ், ஒய் சரியா இருக்குது.

ஈரோடு_லினக்ஸ்:

அந்த எரர், கார்டோட பதில் நேரத்துக்கு வரலைன்னு அர்த்தம். முதல்ல ஸ்பிண்டிலை ஆன் பண்ணாம, காத்துல ரெண்டு மணி நேரம் ஜாப் ஓட்டுங்க. அப்பவும் எரர் வந்தா பிசி பக்கம் கோளாறு. பயாஸ்ல சி-ஸ்டேட் (சிபியூ தூங்கற வசதி), ஹைப்பர்த்ரெடிங் எல்லாம் ஆஃப். நெட்வொர்க் சிப் இன்டெல்னா ஈத்டூல் கமாண்டுல ரிசீவ் கோயலெசிங்கை (rx-usecs) 0 பண்ணுங்க. இல்லைன்னா பாக்கெட்டைச் சேத்து வெச்சு லேட்டா குடுக்கும். ரியல்டெக்னா கெர்னலோட வர்ற ஆர்8169க்குப் பதிலா ஆர்8168 டிகேஎம்எஸ் டிரைவர். சர்வோ த்ரெட் (லினக்ஸ்சிஎன்சி கார்டோட ஒரு தடவை பேசற சுத்து) 1 மில்லிசெகண்ட், அதுல 80 சதவீதம் வரைக்கும்தான் பதிலுக்குக் காத்திருக்கும். அதனால பிங் 0.2 மில்லிசெகண்ட் பக்கத்துல நிலையா நிக்கணும், நடுநடுவுல குதிக்கக் கூடாது.

அவினாசிரோடு_எலக்ட்ரிகல்:

ஸ்பிண்டில் ஸ்டார்ட்ல மட்டும் வந்தா எர்த்தைப் பாருங்க. இந்த ஸ்பிண்டில்ல நாலு பின் கனெக்டர் இருக்கும், பல ஸ்பிண்டில்ல உள்ளாற நாலாவது பின்ல வயரே இருக்காது. பவரை ஆஃப் பண்ணி, கனெக்டரைக் கழட்டி, நாலாவது பின்னுக்கும் ஸ்பிண்டில் பாடிக்கும் கன்டினியூட்டி பாருங்க. பீப் வரலைன்னா மேல் மூடியைத் திறந்து பாடியில ஒரு ரிங் லக் போட்டு அந்தப் பின்னுக்கு இழுத்து சால்டர் பண்ணணும். அது இல்லாம ஓட்டினா நாய்ஸ் மட்டுமில்ல, ஷாக்கும் அடிக்கும்.

விஎஃப்டியில இருந்து ஸ்பிண்டிலுக்கு நாலு கோர் ஷீல்டு கேபிள், ஷீல்டை விஎஃப்டி பக்கம் எர்த்ல கட்டுங்க. ஈதர்நெட் கேபிளை அதோட சேத்துக் கட்டி டிராக் செயின்ல விடாதீங்க. 2 மீட்டருக்குள்ள சாதா கேட்6 யூடிபி போதும். ஷீல்டு வெச்ச ஈதர்நெட் கேபிள் போட்டா ஷீல்டு வழியா ரெண்டு எர்த்தும் திரும்பச் சேந்துரும்.

பீளமேடு_ஃபிட்டர்:

இசட் மட்டும், அதுவும் ஒரே பக்கமா போகுதுன்னா டைரக்‌ஷன் டைமிங்தானுங்க. எழுத்து செதுக்கறப்ப இசட் ஆயிரக்கணக்குல மேலயும் கீழயும் மாறும். டைரக்‌ஷன் சிக்னல் போற ஆப்டோகப்ளர் (ஒளி வழியா சிக்னலைக் கடத்தற சிப்) ஆன் ஆகுற வேகமும் ஆஃப் ஆகுற வேகமும் ஒண்ணில்ல. அதனால ஒரு பக்கம் திரும்பறப்ப சரியா இருக்கும், மறுபக்கம் டைரக்‌ஷன் மாறறதுக்குள்ள முதல் பல்ஸ் போயிரும். ஒரு பல்ஸ் 0.003 மிமீ. தப்புப் பக்கம் ஒண்ணு போனா விட்டுப்போனது ரெண்டு பல்ஸ், 0.006 மிமீ. அதுவே 64 தடவை நடந்தா உங்க 0.4 மிமீ வந்துரும்.

லினக்ஸ்சிஎன்சியோட .ini செட்டிங் ஃபைல்ல ஸ்டெப் லென்த் 5000, ஸ்டெப் ஸ்பேஸ் 5000, டைரக்‌ஷன் செட்டப் 20000, ஹோல்டு 20000 போடுங்க, எல்லாம் நானோசெகண்ட். டிஎம்542க்கு 5000 செட்டப்பே போதும்னு ஷீட்ல போட்டிருக்கும். ஆனா நடுவுல பிரேக்அவுட் போர்டு ஒண்ணு இருக்குதே, அது எடுத்துக்கற நேரமும் இதுல சேரணும். 5000-5000 வெச்சாலே 100 கிலோஹெர்ட்ஸ் கிடைக்குது, நிமிஷத்துக்கு 5000 மிமீக்கு 27 கிலோஹெர்ட்ஸ் கூட ஆகாது. தாராளமா வைங்க.

மாத்தின பிறகு இசட் மேல டயல் கேஜ் வெச்சு, 2 மிமீ மேல கீழன்னு 500 தடவை ஓட்டிப் பாருங்க. முள் பழைய இடத்துக்கே வரணும். அப்பவும் நகர்ந்திருந்தா கப்ளிங்ல கிரப் ஸ்க்ரூ லூஸான்னு பாருங்க, அடுத்தது இசட் ஆக்சிலரேஷனைப் பாதியாக்கிப் பாருங்க.