விலை-வருவாய் விகிதமா, விலைமடங்கா?

குழுவினருக்கு வணக்கம்.

பங்குச் சந்தையில் பி.இ. (P/E) என்கிறார்களே, அதற்கு 'விலை-வருவாய் விகிதம்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று வாத்தியார் ஐயா கேட்டிருந்தீர்கள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வருவாய் என்றால் கல்லாவில் விழுந்த மொத்தக் காசு, ஐயா. பி.இ. கணக்கிலோ, செலவும் வரியும் போக ஒரு பங்குக்கு மிஞ்சிய இலாபத்தால்தான் பங்கு விலையை வகுக்கிறோம். விற்பனையால் வகுத்தால் அது பி.எஸ். (P/S).

கார் நிறுவனங்களை ஒப்பிட இரண்டும் வேண்டும். 2020 ஜூலை 1 அன்று டெஸ்லாவின் சந்தை மதிப்பு டொயோட்டாவை முந்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் டெஸ்லா ஒப்படைத்தவை ஏறத்தாழ 367,000 கார்கள், டொயோட்டா குழுமம் விற்றவை 10 மில்லியனுக்கு மேல். 2019இல் டெஸ்லாவுக்கு நட்டம். நட்டத்தால் வகுத்து என்ன எண்ணைச் சொல்வது? அங்கே விற்பனைக் கணக்குதான் கைகொடுக்கும்.

முதலில் 'இலாப மடங்கு' என்று வைத்தேன். சந்தைப் பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே, செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கார அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன்: "2024 கடைசியில் டெஸ்லாவின் இலாப மடங்கு நூற்றுக்கு மேல்."

கிளாஸை வைத்துவிட்டார். "இலாபம் நூறு மடங்கு ஏறிருச்சா? அப்ப வாங்கிப் போட வேண்டியதுதானே தம்பி!"

அந்த ஆண்டு டெஸ்லாவின் இலாபம் 2023இல் கிடைத்ததில் பாதிகூட இல்லை. என் சொல் அங்கேயே படுத்துவிட்டது.

மடங்காவது விலைதானே? அதனால் 'விலைமடங்கு'. எதன்மேல் என்பதை முன்னால் ஒட்டிக்கொள்ளலாம்: இலாப விலைமடங்கு, விற்பனை விலைமடங்கு. மறுநாள் அதே அண்ணனிடம் இதைச் சொன்னேன். "ஓ, ஒரு வெள்ளி (ரிங்கிட்) இலாபத்துக்கு நூறு வெள்ளிக்கு மேல கொடுக்கிறானா? பைத்தியம்!" என்றார். சொல் பிழைத்தது. டெஸ்லாவைப் பற்றிய தீர்ப்பு அவருடையது.

இன்னொன்று. சின்ன மடங்கு என்றால் மலிவு என்று விளக்கக் குறிப்பில் எழுத வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் பல ஆண்டுகளில் ஒற்றை இலக்கம்தான். கார் வியாபாரம் ஏறி இறங்கும். இலாபம் உச்சியில் இருக்கும் ஆண்டில் மடங்கு தானாகச் சிறுத்துத் தெரியும். கொரியப் போர் நேரத்தில் கித்தா (ரப்பர்) விலை எகிறியதே, அந்த ஒரு வருட இலாபத்தை வைத்துத் தோட்டத்துக்கு விலை பேசினால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

சொத்தில் கடன் போக ஒரு பங்குக்கு மிஞ்சும் கணக்குப் புத்தக மதிப்பால் விலையை வகுக்கும் பி.பி.க்கு (P/B) 'ஏட்டு விலைமடங்கு' போடலாமா?

---

தம்பிக்கு,

விலைமடங்கு சரி, வருவாயை விட்டுவிடுகிறேன். ஆனால் ஏடு என்றால் என் மாணவர்களுக்கு ஓலைச்சுவடிதான் ஞாபகம் வரும். 'கணக்கேட்டு விலைமடங்கு' என்று போடுங்கள், நீளமானாலும் பரவாயில்லை. அப்புறம், நட்டப்பட்ட நிறுவனத்துக்கு அட்டவணையில் கோடு போடாதீர்கள், அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். 'நட்டம்' என்றே எழுதிவிடுங்கள்.

---

அப்படியே போடுகிறேன், ஐயா. ஒரு கட்டத்துக்குள் 'கணக்கேட்டு விலைமடங்கு' அடங்கவில்லை, எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்க வேண்டும்.