கைவிடப்பட்ட மலைச்சாலையில் நடைப்பயணம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். போக்குவரத்து நின்றுபோன மலைச்சாலை ஒன்றில், உரிய அனுமதியுடன், நண்பர் ஒருவரோடு 14 கிலோமீட்டர் நடக்கவிருக்கிறேன். மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று நடைநேரத்தை மதிப்பிடும் 1892-ஆம் ஆண்டின் நைஸ்மித் கணக்கு நல்ல பாதைக்கே பொருந்தும் என்பதால், அதை நான் முழுதாக நம்பவில்லை.

என் கவலை சாலையின் ஓரங்களைப் பற்றியது. சிறுபாலத்தின் குழாய் சருகும் மண்ணும் சேர்ந்து அடைபட்டால், மழைநீர் அடிமண்ணை அரித்துச் சென்றுவிட, மேலே தார் மட்டும் ஓடுபோல் நிற்கும். முன்னோட்டமாகச் சென்றபோது, ஓரிடத்தில் ஊன்றிய கைத்தடி முழங்கை அளவுக்கு உள்ளே இறங்கிவிட்டது. இத்தகைய வெற்றிடத்தை மிதிப்பதற்கு முன்பே கண்டுகொள்ள எந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்? மண்சரிவு சாலையை மூடியிருந்தால் மேற்புறமாகச் சுற்றிச் செல்லலாமா, திரும்பிவிடுவதே முறையா (நண்பர் எளிதில் இசையமாட்டார்) என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.