கலைச்சொல் வேண்டும்: அலைமின் நிலையத்தின் ‘ஆஸிலேட்டிங் வாட்டர் காலம்’ (oscillating water column)

சென்னையிலிருந்து (இழையைத் தொடங்கியவர்)

அன்புடையீர், வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பாடநூலின் தமிழாக்கத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். கடலலையிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றிய பாடத்தில் ஒரு சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. கேரளத்தின் விழிஞ்சம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி, சென்னை ஐ.ஐ.டி.யினர் 1991-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த 150 கிலோவாட் நிலையத்தை உறுப்பினர் பலரும் அறிவீர்கள். கான்கிரீட்டால் ஆன பெரிய அறை ஒன்று கடலடியில் அமர்ந்திருக்கும். அதன் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே கடலை நோக்கித் திறந்திருக்கும். அலையின் முகடு வரும்போது அறைக்குள் நீர் உயர்ந்து மேலேயுள்ள காற்றை அழுத்த, அக்காற்று உச்சியிலுள்ள குழாய் வழியே வெளியேறி டர்பைனைச் சுழற்றும். அகடு வரும்போது நீர் தாழ்வதால் வெளிக்காற்று அதே வழியே உள்ளே இழுக்கப்படும். இவ்வாறு ஏறி இறங்கும் நீரின் பெயரையே முழு அமைப்புக்கும் ஆங்கிலத்தில் வைத்துவிட்டார்கள்.

வரைவில் ‘அலைவுறு நீர்த்தம்பம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘அலை’ என்ற சொல் வரிக்கு வரி வரும் பாடத்தில் ‘அலைவுறு’ என்பதை மாணவர்கள் ‘மேலும் கீழுமாக இயங்கும்’ என்று கொள்ளாமல் ‘அலையை உடைய’ என்றே படித்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து

அன்பரின் அச்சம் இலக்கண அடிப்படை உடையது. ‘அலை’ என்பது முதனிலைத் தொழிற்பெயர். ‘அலைவு’ என்பது அதே வேரிலிருந்து விகுதி பெற்ற தொழிற்பெயர். ஒரே வேரின் இரண்டு பெயர்களை இரண்டு வேறு கருத்துகளுக்கு ஒதுக்கிவிட்டு, பின்னர் அவற்றை ஒரே தொடரில் அருகருகே நிறுத்தினால் குழப்பம் நேரவே செய்யும். கடலில் எழுவதற்குத் ‘திரை’ என்னும் பழஞ்சொல் இருக்கிறது. தோல் திரைவதும் பால் திரைவதும் கடல் திரைவதும் ஒரே வினை; மடிந்து சுருள்வதே அதன் பொருள். மலையாளத்தார் இன்றும் ‘திர’ என்றே வழங்குகிறார்கள். விழிஞ்சத்து மீனவரின் சொல்லும் அதுவே. ஆகவே பாடத்தின் தலைப்பையே ‘திரைமின்னாக்கம்’ என்று மாற்றிவிடலாம்.

‘தம்பம்’ என்பது ‘ஸ்தம்பம்’ என்னும் வடசொல்லின் திரிபு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தூண், கந்து எனத் தமிழில் சொற்கள் இருக்க, அதை ஏன் நாட வேண்டும்? உண்மையில் தூணும் பொருந்தாது. தூண் நிற்பது, இது இயங்குவது. நீர் காற்றைத் தள்ளுவதும் இழுப்பதும் கொல்லன் உலையின் துருத்தி செய்யும் வேலை. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார், ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூரில் அமைத்த ‘உலைவாங்கு மிதிதோல்’ போல வருந்தும் நெஞ்சைப் பாடுகிறார் அல்லவா? காலால் மிதித்து ஊதும் அந்த மிதிதோலைத்தான் இங்கே கடல் மிதிக்கிறது. ‘திரைத்துருத்தி’ அல்லது ‘திரைமிதிதோல்’ என்று ஆளுமாறு பரிந்துரைக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து

தஞ்சை ஐயாவின் உவமையைப் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதைப் பெயராக்கினால் பொறியின் இயக்கம் தவறாகப் பதிந்துவிடும். துருத்தியில் காற்று ஒரு வழியே புகுந்து, அடைப்பிதழ் (வால்வு) மூடிக்கொள்ள, மறுவழியே வெளியேறும். ஜப்பானின் யோஷியோ மசூடா அலையால் ஒளிரும் வழிகாட்டு மிதவைகளை உருவாக்கியபோது அவற்றில் அத்தகைய அடைப்பிதழ்கள் இருந்தன. 1970-களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் சமச்சீரான இதழ்களைக் கொண்ட டர்பைனை வடிவமைத்தார். காற்று எத்திசையில் பாய்ந்தாலும் அது ஒரே திசையில் சுழன்றதால் அடைப்பிதழ்கள் தேவையற்றுப் போயின. விழிஞ்சத்திலும் அவ்வகை டர்பைனே வைக்கப்பட்டது. ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் முட்ரிக்கு துறைமுக அலைதடுப்புச் சுவரில் 2011 முதல் இயங்கும் 296 கிலோவாட் நிலையத்தில் அத்தகைய டர்பைன்கள் பதினாறு உள்ளன. துருத்தி என்று சொன்னால், இந்தத் தொழில்நுட்பம் எதை விட்டு முன்னேறியதோ அதையே மாணவனுக்குக் கற்பித்தவர்களாவோம்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. நீர் ஏறி இறங்குகிறது என்பது மட்டுமன்று. அந்த நீர்ப்பத்திக்கு இயல்பான அலைவுநேரம், அதாவது ஒருமுறை ஏறி இறங்க எடுக்கும் நேரம், ஒன்று உண்டு. தனி ஊசலின் வாய்பாட்டில் ஊசலின் நீளத்துக்குப் பதில் நீர்ப்பத்தியின் நீளத்தை இட்டால் அந்த நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். எட்டு நொடிக்கு ஒருமுறை வரும் அலையோடு ஒத்ததிர, சுமார் 16 மீட்டர் நீளம் வேண்டும். வாய்க்கு வெளியேயுள்ள நீரும் உடன் அசைவதால் கட்டுமானத்தில் அதைவிடக் குறைந்த நீளமே போதும். அலையின் நேரமும் நீர்ப்பத்தியின் நேரமும் ஒத்துப்போகும்போது மிகுதியான ஆற்றல் கிடைக்கிறது, விலகினால் குறைகிறது. எனவே ‘அலைவு’ என்ற கருத்தும், நீளமுடைய நீர் என்ற கருத்தும் பெயரில் நின்றே ஆக வேண்டும். அடியேன் கேட்பது இவ்வளவே.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பாடசாலைப் பௌதிகவியலில் இரச நிரல் (பாதரசத் தம்பம்), வளி நிரல் (காற்றுத்தம்பம்) என்றுதான் படிப்பிக்கிறோம். அட்டவணையில் கிடையாக வருவது நிரை, நிலைக்குத்தாக வருவது நிரல் என்பது இரு நாட்டுக் கணித நூல்களுக்கும் பொது. ஆகவே ‘அலைவுறு நீர்நிரல்’ என்பதை ஏற்பதில் என்ன தடை? வடசொல் சிக்கலும் அத்தோடு தீர்ந்துவிடுகிறது. மேலும், இந்தப் பாடத்தில் வற்றுப்பெருக்கால் (கடல்மட்டம் ஏறி வடிவதால்) எடுக்கும் மின்சாரத்தையும் அலையால் எடுக்கும் மின்சாரத்தையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுமாறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். சந்திரனின் ஈர்ப்பை முதற்காரணமாகக் கொண்டது ஒன்று. காற்று கடற்பரப்பை உரசுவதால் எழுவது மற்றது. இரண்டையும் ‘கடல் அலை மின்சாரம்’ என்று ஒன்றாக எழுதும் பழக்கம் மாணவர்களுக்குப் பெருந்தீங்கு செய்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து

யாழ்ப்பாணத்து அம்மையார் சொன்ன கடைசிக் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வற்றுப்பெருக்குக்கு ‘ஓதம்’ என்ற சொல் உள்ளது. இந்நூலில் ஓத ஆற்றல், அலை ஆற்றல் என்று இரண்டையும் தனித்தனியே தலைப்பிட வேண்டும்.

நிரல் பற்றித் தயக்கம் உண்டு. இங்கே பாலிடெக்னிக் மாணவருக்கு நிரல் என்றால் கணினிக்கு எழுதும் நிரல்தான் முதலில் நினைவுக்கு வரும். வகுப்பறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாதரசத் தம்பம், ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பம் ஆகியவற்றைப் பள்ளியில் தொட்டுப் பார்த்துவிட்டு வரும் மாணவனுக்கு ‘நீர்த்தம்பம்’ விளக்கம் இல்லாமலே புரியும். நாகர்கோவில் நண்பர் தனி ஊசலின் வாய்பாட்டைச் சொன்ன பிறகு, ‘ஊசல் நீர்த்தம்பம்’ என்றே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ‘அலை’யோடு மோதாது, இயற்பியலும் பிழைபடாது.

தஞ்சாவூரிலிருந்து

‘ஊசல்’ என்பதற்குப் பதங்கெட்டுப் போதல் என்றும் பொருளுண்டு. உணவு ஊசிப்போவதை அறியாதவர் இல்லை. ‘ஊசல் நீர்’ என்று ஒரு கணம் பிரித்துப் படித்தால் நாறிய நீர் என்றாகிவிடும்.

துருத்தி பற்றி நாகர்கோவில் அன்பர் கூறிய அடைப்பிதழ் வாதத்தை ஏற்றுக்கொண்டு அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆற்றிடைக்குறைக்கும் துருத்தி என்று பெயர் இருப்பதால், நீரோடு சேர்ந்து வரும்போது இன்னொரு மயக்கமும் நேரும். ஆனால் தம்பத்தை ஏற்க மாட்டேன். வடசொல்லை வடவெழுத்து நீக்கி ஆளலாம் என்று தொல்காப்பியர் விதித்தது உண்மை. தமிழில் சொல் இருக்கும்போதும் ஆளவேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. ‘நீர்ப்பத்தி’ என்று நாகர்கோவில் அன்பரே தம்மை அறியாமல் எழுதியிருக்கிறார். அதையாவது எண்ணிப் பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

பத்தி என்பது எழுத்தில் ஒரு பகுதியையும் வரிசையையும் குறிப்பதால் உயரமுள்ள நீருக்கு அதை நிலையான சொல்லாக முன்வைக்க மாட்டேன், விளக்கத்துக்காக எழுதினேன். என் வாக்கு ‘அலைவுறு நீர்த்தம்பம்’ என்பதற்கே. அலைவுநேரம், அலைவுறு இயக்கம் எல்லாம் பள்ளியிலேயே பதிந்த சொற்கள். ஒரு சொல்லை மாற்றினால் அந்தக் குடும்பத்தையே மாற்ற வேண்டிவரும்.

சென்னையிலிருந்து

அனைவருக்கும் நன்றி. ‘அலைவுறு’, ‘நீர்த்தம்பம்’ ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெரும்பாலோர் இசைவதால் ‘அலைவுறு நீர்த்தம்பம்’ என்ற அதையே வைத்து இன்றிரவு அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில், “இங்கே அலைவு என்பது கடலலையைக் குறிக்காது; அறைக்குள் நீர் மேலும் கீழுமாக இயங்குவதைக் குறிக்கும்” என்று ஒரு வாக்கியம் சேர்த்துள்ளேன். இலங்கை வழக்கான ‘நீர்நிரல்’ கலைச்சொல் பட்டியலில் இணைச்சொல்லாக இடம்பெறும். ஓதமும் வற்றுப்பெருக்கும் அவ்வாறே.

அடுத்த பகுதியில் சென்னை ஐ.ஐ.டி. 2022-இல் தூத்துக்குடிக்கு அப்பால் சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவில், 20 மீட்டர் ஆழமுள்ள கடலில் சோதித்த, அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ‘சிந்துஜா’ மிதவை வருகிறது. அவ்வகையை ஆங்கிலத்தில் ‘பாயிண்ட் அப்ஸார்பர்’ (point absorber) என்கிறார்கள். ‘புள்ளி உட்கவர்வி’ என்று எழுதியிருக்கிறேன். நாளை நண்பகல் வரை மாற்ற இயலும்.

தஞ்சாவூரிலிருந்து

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பட்டியலில் ‘நீர்த்தூண்’ என்பதையும் இணைச்சொல்லாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். ‘உட்கவர்வி’யில் ‘உள்’ எதற்கு? கவர்தல் என்றாலே தன்பால் கொள்ளுதல்தானே. அந்த மிதவை அலையின் ஆற்றலில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ‘கொள்வி’ என்பதிலிருந்து தொடங்கலாம். விரிவாக இரவு எழுதுகிறேன்.