லினக்ஸ் தெரியும், வேலைக்கு வழி தெரியவில்லை

வணக்கம் நண்பர்களே. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, 3 வருடமாக மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். கடைக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, பில் கணக்கு இரவில் தானாக பேக்கப் ஆக பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) ஒன்று எழுதி, குறித்த நேரத்தில் அதை ஓட்டும் கிரானில் வைத்தேன். ஒருநாள் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுபோனது. பார்த்தால், பழைய பேக்கப்பை அழிக்கும் வரியை எழுதவே மறந்திருக்கிறேன்! சரிசெய்ததற்கு முதலாளி டீ வாங்கித் தந்தார். இதுவரை கிடைத்த சம்பள உயர்வு அதுதான்.

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் அட்மின் வேலைக்குப் போக ஆசை. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற அட்மின் சான்றிதழ்த் தேர்வு முழுக்கச் செய்முறை என்பதால் பயமில்லை, கட்டணம்தான் இடிக்கிறது. சான்றிதழும் 3 வருடம்தான் செல்லும். அதற்குப் பணம் சேர்க்கவா, இல்லை ஆன்சிபிள் (பல சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி), டாக்கர் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) பழகி, செய்ததை கிட்லேப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டுக் காட்டினால் போதுமா? ஆள் எடுக்கும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால், ரெஸ்யூமேயில் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் என்றாலும் சரி.