களிம்பை விட்டால் முகம் மறுபடி எரிகிறது, என்ன செய்வது?

பல்லடத்திலிருந்து:
எனக்கு வயது 47. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று வருடமாக இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் தடிப்பு வருவதும் போவதுமாக இருக்கிறதுங்க. அரிப்பு குறைவு, எரிச்சல்தான். மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்த மாதிரி இருக்கும். என் மேசைக்கு எதிரிலேயே ஸ்டீம் அயர்ன். மதியம் அந்த ஆவியும் தகரக் கூரைச் சூடும் சேர்ந்தால் முகம் கொதிக்கிறது. சூடாக டீ குடித்தாலும், கொள்ளு ரசம் சாப்பிட்டாலும் அப்படித்தான். மாதவிலக்கு முன்னே பின்னே ஆகத் தொடங்கியதிலிருந்து குபீரென்று உடம்பு சூடேறுகிறது. அன்றைக்குத் தடிப்பும் கூடுகிறது.

மெடிக்கலில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் முன்னைவிட மோசம். இப்படியே எட்டு டியூப் தீர்த்துவிட்டேன். இப்போது கன்னத்தில் தோல் மெலிந்து, நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிகிறது. மாமியார் சொன்னார் என்று மஞ்சள் பூசினேன். அன்று இரவெல்லாம் ஈரத்துணி போட்டுக்கொண்டுதான் படுத்தேன். தையில் மகளுக்குக் கல்யாணம். களிம்பை விடுவதா, தொடர்வதா?

ஈரோட்டிலிருந்து:
தங்கச்சி, எனக்கு 54. இதே பாட்டை நானும் பட்டேன். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு; தடிப்பைச் சட்டென்று அடக்கும், நாள்பட்டால் தோலை மெலிய வைக்கும் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இவற்றை 2018-இல் சேர்த்தார்கள். ஆனாலும் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள்; அதுதான் எனக்கு ஆற்றாமை.

எனக்கு ரோசேசியா, அதாவது கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோய் என்று தோல் டாக்டர் சொன்னார். நம் மாநிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாததால் பலருக்குத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்களாம். மெட்ரோநிடசோல் ஜெல் போட்டு அடங்க இரண்டு மாதம் ஆனது. துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் இல்லாமல் இப்போது வாசல் தாண்டுவதில்லை. களிம்பை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தியதும் சில வாரம் முகம் பொங்கும். எப்படி விடுவது என்று டாக்டர் சொல்வார்.

காங்கயத்திலிருந்து:
அக்கா, கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பிலும் வருகிறதா? என் வீட்டுக்காரருக்கு அப்படி வந்தது. காட்டில் பார்த்தீனியக் களைச்செடி பிடுங்கியதால் வந்த ஒவ்வாமை. பத்து நாள் ஊரில் இல்லாவிட்டால் தானாகக் குறையும். அப்புறம், மூட்டு வலி, வாய்ப்புண் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். லூபஸ் என்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோயிலும் கன்னத்தில் தடிப்பு வரும், அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

பல்லடத்திலிருந்து:
இமை, கழுத்தெல்லாம் சுத்தமாக இருக்கிறதுங்க. மூட்டு வலியும் இல்லை. மகளின் போனில் பெரிதாக்கிப் படித்தோம்: குளோபெட்டசோல். மூன்று வருடமாக இதைத்தான் தேய்த்திருக்கிறேன், நெஞ்சு பதறுகிறது. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன். காலி டியூபையும், முகம் மோசமான நாளில் எடுத்த போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு கோயமுத்தூரில் தோல் டாக்டரிடம் போகிறோம். சூப்பர்வைசரிடம் கேட்டு மேசையையும் ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன்.