ஆசானுக்குப் பின் களரியைத் திறந்தவர்கள்: அனுபவப் பகிர்வு

விளவங்கோடு வட்டத்திலிருந்து:

எங்கள் ஆசானின் பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மாலையில், அவரிடம் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைப் பயின்ற நாங்கள் நால்வரும் பயிற்சிக் களமான களரியில் விளக்கேற்றி, ஒற்றைச்சுவடு என்னும் காலடி வரிசையின் முதல் சுவட்டைச் சேர்ந்து வைத்துப் பார்த்தோம். மூன்றாவது திரும்பலில் இருவர் வலப்புறம் திரும்ப, எங்களில் மூத்தவர் இடப்புறம் திரும்பினார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நான் நின்றுவிட்டேன். அவரவரும் "ஆசான் எனக்கு இப்படித்தான் சொல்லித் தந்தார்" என்று சாதித்தோம். பொய் சொன்னவர் யாருமில்லை.

அவர் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய நோட்டுப் புத்தகம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று நம்பினோம். கால் எங்கே பட வேண்டும் என்பது அதில் இருந்தது. உடல் எடை எப்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற வேண்டும் என்பது இல்லை. அதை அவர் எழுதி வைக்கவில்லை, நம் முழங்காலைத் தம் கையால் தட்டித்தான் சொல்லுவார். வழக்கைத் தீர்த்தது, புறவாசல் படியில் மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த ஆசானின் மனைவிதான். தலை நிமிராமலே அவர் சொன்னார்: "மூத்தவன் சின்னப் பிராயத்துல பனையில இருந்து விழுந்தவன்லா? அந்த முட்டு மடங்காதுன்னுதான் அவிய அவனுக்கு மட்டும் மாத்திக் குடுத்தாவ."

மூத்தவருக்கு விழுந்தது நினைவிருந்தது. தமக்காகச் சுவடு மாற்றப்பட்டது நினைவில்லை. முப்பது ஆண்டுகளாக அதையே மூலச் சுவடு என்று எண்ணிப் பயின்றிருக்கிறார். அவருக்கு மாற்றியவர் மற்ற மூவருக்கும் எதையும் மாற்றியிருக்க மாட்டார் என்று எப்படிச் சொல்வது? அன்றோடு மூலத்தைத் தேடுவதை விட்டுவிட்டோம். இப்போது பிள்ளைகளுக்கு வலப்புறத் திரும்பலைக் கற்பிக்கிறோம். முழங்காலில் குறையுள்ள பிள்ளை வந்தால் மூத்தவரிடம் அனுப்புகிறோம்.

உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மத்தில்தான் எங்களுக்குப் பெரிய இழப்பு. நூற்றெட்டு வர்மங்களில் தொடுவர்மம் தொண்ணூற்றாறு, உயிருக்கே ஆபத்தான படுவர்மம் பன்னிரண்டு என்பது இங்கே சிறுவர்களுக்கும் மனப்பாடம். ஆனால் அடிக்கும் இடத்தைக் காட்டும் முன் அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறை கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசானின் கட்டுப்பாடு. படுவர்மம் பற்றிக் கேட்டபோதெல்லாம் "பொறு" என்றார். நாங்கள் பொறுத்துக்கொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். இன்றும் கை பிசகியவர்களும் முதுகு பிடித்தவர்களும் பழைய நினைப்பில் வாசலில் வந்து நிற்கிறார்கள். சுளுக்குக்கு எண்ணெய் தடவி விடுவோம். அதற்கு மேல் எதுவானாலும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவோம். இதனால் எங்கள் ஊரில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம் உண்டு. ஆசான் எங்களுக்குக் கற்பிக்காததை அவர் பெயரைச் சொல்லிச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

சென்னையிலிருந்து:

என்னுடையது சிலம்பம், எங்கள் சிக்கல் வேறு. 2021க்குப் பிறகு, அரசு வேலைக்கான மூன்று விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இடம்பெற்றதாலும், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டதாலும், பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் முதலில் கேட்பது சான்றிதழைத்தான். அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். என் ஆசான் காலத்தில் பொங்கல் விழாவில் சுற்றினால் ஒரு துண்டு போர்த்துவார்கள், அவ்வளவுதான். ஆனால் போட்டியில் கம்பு உடலைத் தொட்டால் புள்ளி என்பதால், பிள்ளைகள் தொடுவதற்கே விரைகிறார்கள். ஆசான் ஆண்டுக் கணக்கில் பயிற்றிய காலடி வரிசைக்கு யாருக்கும் பொறுமை இல்லை. பயிற்சியின் முதல் அரைமணி நேரம் யார் கையிலும் கம்பு கொடுப்பதில்லை என்ற அவருடைய வழக்கத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் விலகிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து:

என் ஆசான் என் தந்தைதான். எனக்கு முறையாகக் கற்பித்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணன்மார் சிலம்பம் சுற்றும்போது திண்ணையிலிருந்து பார்த்து, அவர்கள் போன பிறகு நான் சுற்றுவதைக் கண்டும் காணாமல் இருந்து, கால் தவறினால் மட்டும் செருமுவார். அவர் மறைந்தபோது அண்ணன்மார் இருவரும் வளைகுடாவில் இருந்தார்கள். கேரளத்தின் வடகரையில், களரிப்பயிற்றுக் குருக்களான தம் கணவர் மறைந்த பின் அவர் 1949இல் தொடங்கிய களரியைத் தாமே ஏற்று நடத்திவரும் மீனாட்சியம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதை நாளிதழில் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை அம்மாவிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், பரணில் கிடந்த கம்புக் கட்டை இறக்கச் சொன்னார்.

முதல் நாள் மாலை ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். வாசலில் நின்ற ஒருவர், "அண்ணன் எப்பம்மா வர்றாரு?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அவர் மகள் என் முன்னால் வந்து நின்றுவிட்டதால், கம்பை அவள் பக்கத்தில் நிறுத்தி, நெற்றிப்பொட்டு உயரத்தில் கரியால் கோடு போட்டு, ரம்பத்தை எடுத்து அறுக்கத் தொடங்கினேன். முதல் வெட்டு சற்றே கோணலாகிவிட்டது. திண்ணையில் யாரும் செருமவில்லை.