கார் ஜிபிஎஸ்ஸுக்கு எப்போதும் கரண்ட் கொடுக்கணுமா, அணைத்து வைக்கலாமா? பேட்டரி படுத்துக்கொள்கிறது

கோவை_வித்யா:
வணக்கம். அப்பாவின் கார் பற்றி ஒரு சந்தேகம். பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மருதமலை, அத்தை வீடு என்று ஒரு சுற்று, அவ்வளவுதான் ஓட்டம். கொஞ்ச மாதம் முன்பு வெளிக்கடையில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டினோம், ஜிபிஎஸ் ஆன்டெனா டேஷ்போர்டு மேல் ஒட்டியிருக்கிறது. திருட்டுப் பயத்துக்கு ஒரு ட்ராக்கரும் போட்டார்கள். அதிலிருந்து ஞாயிறு காலை சாவியைத் திருப்பினால் டிக் டிக் சத்தம்தான். பேட்டரி புதுசு, கடையில் டெஸ்ட் பண்ணி நன்றாக இருக்கிறது என்றுவிட்டார்கள்.

ஸ்டீரியோ மாட்டியவர், "ஜிபிஎஸ்ஸுக்குக் கரண்டை நிறுத்தவே கூடாது. நிறுத்தினா சாட்டிலைட்டை மறந்துடும், ஆன் ஆஃப் பண்ணிட்டே இருந்தா சிப்பும் போயிடும்" என்கிறார். எங்கள் மெக்கானிக், "எல்லாத்தையும் பிடுங்கிப் போடுங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

சர்க்யூட்_சின்னு:
மாட்டியவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் துல்லியமான பாதைக் கணக்கை (எஃபெமரிஸ்) 30 வினாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். வேகம் விநாடிக்கு வெறும் 50 பிட். இது ஏறக்குறைய 4 மணி நேரத்துக்குத்தான் செல்லும். எல்லா சாட்டிலைட்டுக்கும் பொதுவான தோராயக் கணக்கு (அல்மனாக்) முழுசாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும், ஆனால் அது வாரக்கணக்கில் உதவும். டீக்கடையில் இறங்கிவிட்டு வந்தால் ஜிபிஎஸ் உடனே பிடிப்பதும், ஒரு வாரம் கழித்து எடுத்தால் அரை நிமிடம் முழிப்பதும் இதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்கையும் கடிகாரத்தையும் ஞாபகம் வைத்திருக்க முழு மின்சாரம் தேவையில்லை. ரிசீவர் சிப்புக்குப் பேக்கப் இணைப்பு என்று தனியாக ஒன்று உண்டு, அது குடிப்பது மைக்ரோஆம்ப் (ஆம்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில். பல சாதனங்களில் இதற்கென்றே உள்ளே பொட்டு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அணைத்து அணைத்துப் போட்டால் சிப் போய்விடும் என்பது வெறும் பேச்சு. அப்படிப் போவதானால் உங்கள் போன் என்றைக்கோ போயிருக்கணும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று. கார் நிற்பது பேஸ்மென்ட். திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் சிக்னல் மைனஸ் 130 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மெலிசு. கான்கிரீட்டுக்கு அடியில் எதுவுமே கேட்காது. அங்கே ரிசீவரை விடிய விடிய ஆனில் வைத்தால் அது வானத்தைத் தேடித் தேடிக் கரண்டைத் தின்பதுதான் மிச்சம். 4 மணி நேரம் தாண்டினால் கையிலிருந்த கணக்கும் காலாவதி. ஞாயிறு காலை வெளியே வந்ததும் எப்படியும் புதுசாகத்தான் வாங்கணும்.

ஈரோடு_ஆட்டோ_எலக்ட்ரிக்:
மேடம், ஜிபிஎஸ் மேல பழி போடாதீங்க. 90 சதம் வயரிங்தான். ஸ்டீரியோ பின்னாடி மஞ்சள் வயர் நேரா பேட்டரிக்கு, மெமரிக்காக. சிவப்பு வயர் சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஏசிசி லைனுக்கு. கருப்பு எர்த். அவசரத்துல மாட்டுறவங்க ஏசிசி லைனைத் தேடாம மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திருவாங்க. அப்போ சாவியை எடுத்தது ஸ்டீரியோவுக்குத் தெரியவே தெரியாது. ஸ்கிரீன் கருப்பா இருக்கும், உள்ளே ஓடிக்கிட்டே இருக்கும். சாவியை எடுத்ததும் ஸ்கிரீன் தானா அணையுதா, இல்ல நீங்க பட்டன் அமுக்கி அணைக்கிறீங்களா?

கோவை_வித்யா:
அப்பா பட்டனை அமுக்கித்தான் அணைப்பார் அண்ணா! ஸ்டீரியோ என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எப்படி அளந்து பார்ப்பது? தம்பியிடம் மல்டிமீட்டர் இருக்கிறது.

ஈரோடு_ஆட்டோ_எலக்ட்ரிக்:
சிவப்பு புரோபை 10 ஆம்ப் ஓட்டைக்கு மாத்தச் சொல்லுங்க. சாவியை எடுத்துட்டு, பானெட்டைத் திறந்து வெச்சுட்டு, எல்லாக் கதவையும் சாத்திடுங்க. 10 நம்பர் ஸ்பானரால நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, கழட்டின வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மீட்டரைக் கோத்து அரை மணி நேரம் விடுங்க. இசியூ (வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்) எல்லாம் தூங்குறதுக்கு அவ்வளவு நேரம் ஆகும். இடையில கதவைத் திறந்தா முதல்ல இருந்து எண்ணணும். மீட்டர் கோத்திருக்கிறப்ப சாவியைத் தொடவே கூடாது, ஸ்டார்ட் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் காலி. ஸ்டீரியோவோட பட்டனை உங்க அப்பா அணைக்கிற மாதிரியே அணைச்சுட்டு அளங்க. 50 மில்லியாம்புக்குள்ள (0.05 ஆம்ப்) இருந்தா கவலை இல்ல. அதிகமா இருந்தா ஸ்டீரியோ, ட்ராக்கர் ரெண்டோட ஃபியூஸையும் ஒவ்வொண்ணா உருவிப் பாருங்க, எதை உருவினா ரீடிங் சரியுதோ அதுதான் கள்ளன்.

பழைய_நேவிகேட்டர்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கண்ணாடியில் ஒட்டுகிற தனி நேவிகேஷன் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலேயே சொருகி விட்டுவிடுவது வசதிதான், ஆனால் சில கார்களில் சாவி எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் கரண்ட் இருக்கும். போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதைவிட மோசம் வெயில். சித்திரையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் முழு சார்ஜில் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரமே உப்பிவிடும். என் கருவியின் முதுகு அப்படித்தான் விரிந்தது. ஆகவே இறங்கும்போது கழற்றி எடுத்துப்போங்கள்.

  

கால்டாக்சி_முருகன்:
எங்களுக்கு இந்த யோசனைக்கே இடமில்லை. மஞ்சள் போர்டு வண்டியில் ஏ.ஐ.எஸ். 140 கருவி (அரசு விதிப்படி மாட்டும் ட்ராக்கர்) இருக்கணும். அதன் இணைப்பை எடுத்தால் உள்பேட்டரியில் ஓடிக்கொண்டே "சப்ளை போச்சு" என்று அலெர்ட் அனுப்பிவிடும். அணைக்கவே கூடாத சாமான் அது. டாக்சி தினமும் ஓடுவதால் பேட்டரியும் தாங்குகிறது. உங்கள் ட்ராக்கர் வேறு ரகம், ஆனாலும் திருட்டுக்கு என்று போட்டதை அணைத்து வைத்தால் அப்புறம் எதற்கு? அதன் ஆப்பில் ஸ்லீப் மோட் இருக்கிறதா பாருங்கள். வண்டி அசையாதபோது தூங்கும், ஆட்டம் கண்டால் விழிக்கும். அது இல்லாத ட்ராக்கரில் இன்னொரு கூத்து: நிற்கிற வண்டியின் புள்ளி மேப்பில் அங்கே இங்கே நகர்ந்து, ராத்திரியெல்லாம் வண்டி ஓடியதாகக் கிலோமீட்டர் காட்டும். இதை வைத்து எங்கள் டிரைவர் ஒருத்தருக்கும் ஓனருக்கும் பெரிய சண்டை.

கோவை_வித்யா:
அளந்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்து 0.21 ஆம்ப். ட்ராக்கர் ஃபியூஸை எடுத்தால் 0.20. அதைத் திரும்பப் போட்டு ஸ்டீரியோ ஃபியூஸை எடுத்தால் நேராக 0.04!

சர்க்யூட்_சின்னு:
கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. 0.21 ஆம்ப் என்றால் நாளுக்கு 5 ஆம்பியர்-ஹவர், 7 நாளில் 35. உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே அதுதான். கார் பேட்டரி இப்படி அடிமட்டம் வரை இறங்குவதற்குச் செய்ததல்ல. 12.2 வோல்ட்டுக்குக் கீழே அடிக்கடி போனால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, புது பேட்டரியும் சீக்கிரம் கிழடாகிவிடும். ஸ்டீரியோவைச் சரிசெய்யும் முன் ஒரு தடவை சார்ஜரில் போட்டு முழுசாக ஏற்றுங்கள். ஞாயிறு ஓட்டத்தில் மட்டும் அது நிரம்பாது.

கோவை_வித்யா:
ஸ்டீரியோவை இழுத்துப் பார்த்தோம். ஈரோட்டு அண்ணா சொன்ன மாதிரியே மஞ்சளும் சிவப்பும் ஒரே முறுக்கு. வேறு எலக்ட்ரீஷியனை வைத்து சிவப்பை ஏசிசிக்கு மாற்றியாயிற்று. இப்போது சாவியை எடுத்ததும் தானாக அணைகிறது, மீட்டர் 0.05 காட்டுகிறது. பேஸ்மென்ட் விட்டு மேலே வந்ததும் ஜிபிஎஸ் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, கேட் தாண்டுவதற்குள் சரியாகிவிடுகிறது. அப்பாவுக்கு மருதமலைக்கு வழி தெரியும் என்பதால் அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை.

ஈரோடு_ஆட்டோ_எலக்ட்ரிக்:
சந்தோசம். 0.05 இருக்கே, ஸ்டீரியோ செட்டிங்ல ஸ்லீப் டைம்னு ஒண்ணு இருக்கும். அதைக் குறைச்சு வெச்சா இன்னும் இறங்கும், பதிலுக்கு ஆன் ஆகும்போது லோகோ கொஞ்ச நேரம் சுத்தும். மஞ்சள் வயர்ல இன்லைன் ஃபியூஸ் (வயர் நடுவுலயே கோத்த ஃபியூஸ்) இருக்கான்னும் பாருங்க, முறுக்கி விட்டவர் அதையும் விட்டிருப்பார்.